தடுப்பாட்டத்தைக் கட்டுவதும் கலைத்துக் கட்டுவதும்: கூடைப்பந்து அணிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2019 செப்டம்பர் கடைசியில் பெங்களூரு கண்டீரவா உள்ளரங்கத்தில் மகளிர் ஆசியக் கோப்பை இறுதி ஆட்டம் நடந்தது. ஒரு பக்கம் சீனா, மறுபக்கம் ஜப்பான். இரண்டு அணிகளும் வரிசையாக வந்து நின்றதும், என்னோடு வந்திருந்த அல்சூர்ப் பையன் ஒருவன், "அண்ணா, இவ்வளவு உயரத்துக்கு எதிரா என்ன பண்ண முடியும்?" என்று கேட்டான். ஜப்பான் 71-68 என்று வென்றது. தொடர்ந்து நான்காவது முறையாக ஆசியச் சாம்பியன். டாம் ஹொவாஸ் பயிற்சி தந்த அந்த அணிதான் 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளியும் வாங்கியது.

பையனின் கேள்விக்கு அன்று என்னிடம் தெளிவான பதில் இல்லை. அதற்கப்புறம் பல வருடங்களாக ஞாயிறு காலைகளில் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். ஜூன் மாதம் வந்தால் காலை 6 மணிக்கு எழுந்து, அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வின் இறுதி ஆட்டங்களை நோட்டுப் புத்தகத்தோடு பார்க்கிறேன். இப்போது பதில் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன். எந்த ஷாட்டைத் தடுப்பது, எந்த ஷாட்டை விட்டுவிடுவது என்று ஐந்து பேரும் சேர்ந்து ஒப்புக்கொள்ளும் ஒரு முடிவுதான் தடுப்பாட்டம். அந்த முடிவு தோற்கும்போது மாற்றிக்கொள்ள இன்னொரு முடிவை முன்கூட்டியே பழக்கி வைத்திருப்பதுதான் பயிற்சியாளரின் வேலை. இந்த இரண்டாவது பாதியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

சிறிய கிளப் அணிக்குப் பயிற்சி தருபவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். தொழில்முறை ஆட்டத்தைக் கூர்ந்து பார்க்க விரும்பும் ரசிகர்களுக்கும் இதே வரிசை உதவும்.

முதல் படி: எதை விட்டுக்கொடுப்பது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

"எல்லாத்தையும் தடுக்கணும்" என்று சொல்லி அணியைக் களத்துக்கு அனுப்பினால், ஐந்து பேரும் ஐந்து பக்கம் ஓடுவார்கள். ஷாட் அடிக்க எதிரணிக்கு 24 வினாடி இருக்கிறது. அதற்குள் நாலு பாஸ், இரண்டு ஸ்க்ரீன் (காப்பவரின் வழியை உடம்பால் மறித்து நிற்பது) போட்டால் எங்கேயாவது ஒருவர் தனியாக நிற்கத்தான் செய்வார். அவர் எங்கே நிற்கலாம் என்பதை நீங்கள் தீர்மானியுங்கள்.

கூடைக்குப் பக்கத்தில் கிடைக்கும் ஷாட், ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்காக யாரும் மறிக்காமல் அடிக்கும் ஷாட்), மூலையில் இருந்து அடிக்கும் மூன்று புள்ளி ஆகிய மூன்றும் எதிரணிக்கு லாபமானவை. மூலை ஏன்? என்.பி.ஏ. களத்தில் மூன்று புள்ளிக் கோடு நடுவில் 7.24 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. மூலையில் சுமார் 6.70 மீட்டர்தான். அதே மூன்று புள்ளி, ஆனால் அரை மீட்டர் குறைவு. ஆகவே பெரும்பாலான நல்ல அணிகள், முகத்துக்கு எதிரே ஒருவர் கை நீட்டியிருக்க ஓடிக்கொண்டே அடிக்கும் நடுத்தூர இரண்டு புள்ளி ஷாட்டை எதிரணிக்கு விட்டுக்கொடுக்கின்றன.

ஆள் பார்த்தும் முடிவெடுக்கலாம். 2004 இறுதித் தொடரில் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் செய்தது அதைத்தான். எதிரே லேக்கர்ஸ்: ஷகீல் ஓ'நீல், கோபி பிரையன்ட், கார்ல் மலோன், கேரி பேட்டன். பயிற்சியாளர் லாரி பிரவுன், ஓ'நீலைப் பெரும்பாலும் பென் வாலஸ் ஒருவரிடமே விட்டார். இரண்டாவது ஆளை உதவிக்கு ஓடவிடாமல், மற்ற நால்வரையும் தங்கள் ஆள் பக்கத்திலேயே நிறுத்தினார். ஓ'நீல் அந்தத் தொடரில் சராசரியாக 26.6 புள்ளி எடுத்தார். எடுக்கட்டும் என்பதுதான் திட்டம். டேஷான் பிரின்ஸின் நீண்ட கைகளுக்கு எதிரே ஆடிய பிரையன்ட்டின் ஷாட்டுகளில் 38 சதவீதம்தான் விழுந்தன. மூன்றாவது ஆட்டத்தில் லேக்கர்ஸ் மொத்தமே 68 புள்ளி. பிஸ்டன்ஸ் 4-1 என்று கோப்பையை எடுத்தது.

உங்கள் அடுத்த ஆட்டத்துக்கு முன்னால் ஒரு தாளில் இரண்டே வரி எழுதுங்கள்: "இதைக் கொடுக்க மாட்டோம்", "இதைக் கொடுப்போம்". இரண்டாவது வரியைப் பையன்களிடம் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். அந்த ஷாட் விழும்போது அவர்கள் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ளாமல் இருக்க அது உதவும்.

இரண்டாம் படி: கணக்கு வையுங்கள்

மொத்தப் புள்ளியை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். வேகமாக ஆடும் அணி அதிகப் புள்ளி கொடுக்கும். அதனால் அதன் தடுப்பாட்டம் மோசம் என்று ஆகாது. எதிரணியிடம் பந்து எத்தனை முறை இருந்தது என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒரு எளிய சூத்திரம்: எதிரணி அடித்த ஷாட்டுகளில் இருந்து அவர்கள் எடுத்த அஃபென்சிவ் ரீபவுண்டை (தவறிய தங்கள் ஷாட்டைத் தாங்களே திரும்பப் பிடித்தது) கழித்து, டர்ன்ஓவரை (ஷாட் அடிக்காமலே பந்தை இழந்தது) கூட்டி, ஃப்ரீ த்ரோ எண்ணிக்கையை 0.44 ஆல் பெருக்கி அதையும் கூட்டுங்கள்.

உதாரணமாக எதிரணி 68 ஷாட் அடித்து, 10 அஃபென்சிவ் ரீபவுண்ட் எடுத்து, 14 டர்ன்ஓவர் செய்து, 18 ஃப்ரீ த்ரோ அடித்தது என்று வைத்துக்கொள்வோம். 68-10+14+7.92, கிட்டத்தட்ட 80 வாய்ப்புகள். அவர்கள் எடுத்தது 76 புள்ளி என்றால் 100 வாய்ப்புக்கு 95. என்.பி.ஏ.வில் சொல்லும் டிஃபென்சிவ் ரேட்டிங் இதே கணக்குதான்.

அடுத்து, அந்த 95 எங்கிருந்து வந்தது? டீன் ஆலிவர் என்ற புள்ளிவிவர ஆய்வாளர் வெற்றியை நான்கு காரணிகளாகப் பிரித்தார். ஷாட் விழும் தரத்துக்கு 40 சதவீதம், டர்ன்ஓவருக்கு 25, ரீபவுண்டுக்கு 20, ஃப்ரீ த்ரோவுக்கு 15 என்று தோராயமாக எடை போட்டார். உங்கள் அணி இந்த நான்கில் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடியுங்கள். நான் கணக்கு வைக்க ஆரம்பித்த முதல் மாதத்திலேயே ஒன்று தெரிந்தது. எங்கள் பையன்கள் முதல் ஷாட்டை நன்றாகத்தான் தடுத்தார்கள். அப்புறம் பந்து எங்கே போகிறது என்று நின்று வேடிக்கை பார்த்தார்கள். இரண்டாவது ஷாட்டில்தான் தோற்றோம். ஷாட் போனதும் முதலில் உங்கள் ஆளைத் தேடி, முதுகால் மறித்துவிட்டு, பிறகு பந்தைப் பாருங்கள் என்று அன்றே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன்.

மூன்றாம் படி: ஸ்க்ரீனுக்கு ஒரு பதில் வைத்திருங்கள்

இன்றைய கூடைப்பந்தில் அதிகம் வரும் சிக்கல் பிக் அண்ட் ரோல். பந்து வைத்திருப்பவருக்காக உயரமான ஆள் வந்து சுவர்போல நிற்பார். அவரைக் காக்கும் உங்கள் கார்டு (வெளியே ஆடும் வேகமான ஆள்) அதில் மாட்டிக்கொள்வார். அந்த ஒரு வினாடியில் உங்கள் உயரமான ஆள் என்ன செய்ய வேண்டும்? இதற்கான பதில்தான் ஓர் அணியின் தடுப்பாட்டத்துக்கு முகம் தருகிறது. ஆகவே இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

முதல் வழி டிராப். உயரமான ஆள் பின்வாங்கிக் கூடைக்கு முன்னால் நிற்பார். கார்டு ஸ்க்ரீனைச் சுற்றி ஓடிவந்து பின்னால் இருந்து தொந்தரவு கொடுப்பார். கூடை பத்திரமாக இருக்கும். ஸ்க்ரீன் தாண்டியதும் நின்று மூன்று புள்ளி அடிக்கத் தெரிந்த கார்டு எதிரே இருந்தால் பாடு திண்டாட்டம்.

இரண்டாவது, ஸ்விட்ச். இருவரும் ஆளை மாற்றிக்கொள்வார்கள். யாரும் தனியாக நிற்க மாட்டார்கள். ஆனால் உங்கள் உயரமான ஆள் அவர்களின் வேகமான கார்டோடு வெளியே தனியாக மாட்டுவார். உங்கள் குட்டைக் கார்டு உள்ளே உயரமான ஆளோடு மல்லுக்கட்டுவார். ஐந்து பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே உயரமும் நல்ல கால்வேகமும் இருந்தால் இதைவிடச் சிறந்த வழி இல்லை.

மூன்றாவது, ஹெட்ஜ். உயரமான ஆள் ஒரு கணம் வெளியே பாய்ந்து பந்துக்காரரை வளைந்து ஓட வைத்துவிட்டு, தன் ஆளிடம் திரும்பி ஓடுவார். நான்காவது, டபுள். இருவரும் பந்துக்காரரை மொய்த்து, பந்தை அவர் கையில் இருந்து பிடுங்கப் பார்ப்பார்கள். இந்த இரண்டிலும் பின்னால் மூன்று பேர் நான்கு பேரைக் காக்க வேண்டும். பின்னால் இருப்பவர்கள் சோம்பேறிகளாக இருந்தால் இந்த வழிகளை எடுக்கவே வேண்டாம்.

இதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, உறக்கத்தில் கேட்டாலும் சொல்லும் அளவுக்குப் பழக்குங்கள். பழக்கும்போது வாயும் பழக வேண்டும். ஸ்க்ரீன் வருகிறது என்று பின்னால் நிற்கும் உயரமான ஆள்தான் கத்த வேண்டும்; மாட்டிக்கொள்ளும் கார்டுக்கு அது தெரியாது. பெங்களூரில் இது தனிச் சிக்கல். எங்கள் களத்தில் தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது எல்லாம் ஓடும். ஒருவன் "மாத்து" என்று கத்துவான். அடுத்தவன் அது தனக்கா என்று திரும்பிப் பார்ப்பதற்குள் பந்து கூடையில் இருக்கும். கடைசியில் எல்லோரும் உட்கார்ந்து பேசி மூன்றே சொல் வைத்தோம்: ஸ்க்ரீன் எந்தப் பக்கம் என்று சொல்ல "லெஃப்ட்" அல்லது "ரைட்", ஆள் மாற "ஸ்விட்ச்". வேறு எதுவும் கத்தக் கூடாது. அந்த வாரமே வித்தியாசம் தெரிந்தது.

நான்காம் படி: எந்த விதிப் புத்தகத்தில் ஆடுகிறீர்கள் என்று பாருங்கள்

டிவியில் பார்த்ததை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. என்.பி.ஏ.வில் ஸோன் (ஆளுக்குப் பதிலாக இடத்தைக் காப்பது) ஆடுவதற்கு 2001-02 பருவத்தில்தான் வழி விட்டார்கள். அப்போதும், யாரையும் நெருங்கிக் காக்காத ஆள் கூடைக்கு முன்னால் மூன்று வினாடிக்கு மேல் நிற்கக் கூடாது என்று ஒரு தடை சேர்த்தார்கள். இங்கே நாம் ஆடும் ஃபீபா (சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) விதியில் அந்தத் தடை கிடையாது. உயரமான ஆளைக் கூடைக்கு முன்னால் நாள் முழுக்க நிறுத்தலாம். ஆகவே 2-3 ஸோனும் (முன்னால் இருவர், பின்னால் மூவர்) டிராப்பும் இங்கே அமெரிக்காவைவிட எளிது.

ஃபவுல் கணக்கும் வேறு. அங்கே ஆறு ஃபவுலில் வெளியேற வேண்டும், இங்கே ஐந்திலேயே. ஆட்டமும் 48 நிமிடம் இல்லை, 40தான். டைம்-அவுட் முதல் பாதிக்கு இரண்டு, இரண்டாவது பாதிக்கு மூன்று. தப்பைத் திருத்த உங்களுக்குக் கிடைக்கும் நேரம் ரொம்பக் குறைவு. இதை மனதில் வைத்துத்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

ஒரு வார்த்தை இடையில்: சின்னப் பையன்களுக்கு முதலிலேயே ஸோன் சொல்லித்தராதீர்கள். ஜெயிக்கலாம். ஆனால் ஒரு ஆளை ஒரு ஆள் காக்கும் கால்வேலை வரவே வராது. பதினாறு வயதில் அதைச் சொல்லித்தருவது எவ்வளவு கஷ்டம் என்று அனுபவித்துத் தெரிந்துகொண்டேன்.

ஐந்தாம் படி: இரண்டாவது திட்டத்தைத் தோற்பதற்கு முன்பே பழக்குங்கள்

என்னைப் பொறுத்தவரை இந்தப் படிதான் உயிர். மில்வாக்கி பக்ஸ் கதையைச் சொன்னால் விளங்கும்.

மைக் பூடன்ஹோல்சர் பயிற்சியில் அந்த அணி 2018-19இல் 60 ஆட்டம் வென்றது. அந்தப் பருவத்திலும் அடுத்த பருவத்திலும் லீக்கிலேயே சிறந்த தடுப்பாட்டம் அவர்களுடையதுதான். புரூக் லோபஸ் டிராப்பில் கூடைக்கு முன்னால் மலைபோல நிற்பார். உள்ளே யாரும் நுழைய முடியாது. ஆனால் பருவம் முடிந்து வரும் நாக்-அவுட் தொடர்களான பிளே ஆஃபில் 2019இல் டொரன்டோவிடமும், 2020இல் மயாமியிடமும் தோற்றார்கள். மயாமியிடம் 4-1. பருவம் முழுக்க ஒவ்வொரு நாளும் வேறு வேறு அணி வரும். ஒரே திட்டம் போதும். பிளே ஆஃபில் ஒரே அணி ஏழு ஆட்டம் வரை எதிரே உட்கார்ந்து உங்கள் திட்டத்தின் ஓட்டையைத் தேடும். இரண்டாவது ஆட்டத்திலேயே கண்டுபிடித்துவிடும்.

2020-21 பருவத்தில் பூடன்ஹோல்சர் ஒரு முடிவெடுத்தார். பருவ ஆட்டங்களிலேயே ஸ்விட்ச் பழக ஆரம்பித்தார். ஜ்ரூ ஹாலிடேயும் பிறகு பி.ஜே. டக்கரும் வந்து சேர்ந்தார்கள். இருவரும் யாரையும் காக்கக்கூடியவர்கள். அந்த வருடம் தடுப்பாட்டத் தரவரிசையில் பக்ஸ் முதலிடத்தில் இல்லை. வெற்றிகளும் குறைந்தன. இறுதித் தொடரில் ஃபீனிக்ஸிடம் முதல் இரண்டு ஆட்டங்களையும் தோற்றார்கள். அடுத்த நான்கையும் வென்றார்கள். 50 வருடம் கழித்து மில்வாக்கிக்குக் கோப்பை வந்தது.

ஜனவரியில் சில ஆட்டங்களைத் தோற்கத் துணிந்த பயிற்சியாளருக்குத்தான் ஜூலையில் மாற்ற ஒரு திட்டம் கையில் இருக்கும். சிறிய கிளப்புக்கும் இது பொருந்தும். லீக் ஆட்டத்தில் பதினைந்து புள்ளி முன்னிலையில் இருக்கும்போது, உங்கள் வழக்கமான திட்டத்தை நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் இரண்டாவது திட்டத்தை ஆடச் சொல்லுங்கள். முன்னிலை ஏழாகக் குறையும். பெற்றோர்கள் முணுமுணுப்பார்கள். பரவாயில்லை. பயிற்சி நேரத்தில் மூன்றில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கினால் போதும் என்பது என் அனுபவம்.

இரண்டாவது திட்டம் முதலாவதற்கு நேர் எதிரான பலவீனம் கொண்டதாக இருக்க வேண்டும். டிராப் உங்கள் முதல் திட்டம் என்றால் ஸ்விட்ச் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்விட்ச் ஆடும் அணி 2-3 ஸோன் பழகலாம். ஸோனில் ஃப்ரீ த்ரோ கோட்டின் நடுப்புள்ளியும் இரண்டு மூலைகளும் ஒழுகும். ரீபவுண்டில் யார் யாரை மறிப்பது என்றும் குழப்பம் வரும். அந்த மூன்றையும் சேர்த்தே பழக்குங்கள். மயாமி பயிற்சியாளர் எரிக் ஸ்போல்ஸ்ட்ரா 2020இல் பாஸ்டனுக்கு எதிராக ஸோனின் முன்வரிசையில் குட்டைக் கார்டுகளுக்குப் பதிலாக நீண்ட கை உள்ளவர்களை நிறுத்தினார். உங்கள் அணியில் யாருக்குக் கை நீளம் என்று பார்த்து நிறுத்துங்கள்.

ஆறாம் படி: ஷாட் விழுகிறதா, ஷாட் கிடைக்கிறதா?

ஆட்டத்தின் நடுவில் எப்போது மாற்றுவது? புள்ளிப் பலகையைப் பார்த்து மாற்றாதீர்கள். எதிரணிக்கு எந்த ஷாட் கிடைக்கிறது என்று பாருங்கள்.

2018 மேற்குப் பிரிவு இறுதியின் ஏழாவது ஆட்டத்தில் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் தொடர்ந்து 27 மூன்று புள்ளி ஷாட்டுகளைத் தவறவிட்டது. கோல்டன் ஸ்டேட் 101-92 என்று வென்றது. அந்த 27 ஷாட்டுகளும் தடுப்பாட்டத்தின் பெருமை என்று எழுதிவைத்தால், அடுத்த முறை அதே ஷாட்டுகள் விழும்போது காரணம் புரியாது. இதுவே தலைகீழாகவும் நடக்கும். நீங்கள் விட்டுக்கொடுக்கலாம் என்று முடிவு செய்த ஷாட் தொடர்ந்து மூன்று விழுந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கொடுக்க மாட்டோம் என்று எழுதிய ஷாட், அதாவது ஆளில்லாத லே-அப் (கூடைக்குப் பக்கத்தில் போய் எளிதாகப் போடுவது), மூன்று முறை கிடைத்தால், அது விழாவிட்டாலும் உடனே மாற்றுங்கள். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒரு பையனிடம் தாளைக் கொடுத்து, இந்த இரண்டு வகையையும் கோடு போட்டு எண்ணச் சொல்லுங்கள். கோபத்தில் இருக்கும் பயிற்சியாளரைவிட அந்தத் தாள் தெளிவாகப் பார்க்கும்.

ஏழாம் படி: சிறிய மாற்றத்தில் தொடங்குங்கள்

மாற்றுவது என்றால் எல்லாவற்றையும் கலைப்பது என்று அர்த்தமில்லை. ஓர் ஒழுங்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில், யார் யாரைக் காப்பது என்பதை மாற்றிப் பாருங்கள். 2019 கிழக்குப் பிரிவு இறுதியில் டொரன்டோ முதல் இரண்டு ஆட்டங்களைத் தோற்றது. மூன்றாவது ஆட்டத்தில் இருந்து பயிற்சியாளர் நிக் நர்ஸ், மில்வாக்கியின் ஜானிஸ் அன்டெட்டகூன்போவைக் காக்கும் வேலையைக் கவாய் லெனர்டிடம் கொடுத்தார். மற்ற திட்டம் பெரிதாக மாறவில்லை. அடுத்தடுத்து நான்கு வெற்றி. 2025இல் ஒக்லஹோமா சிட்டி இன்னும் துணிச்சலாகச் செய்தது. டென்வருக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில், 2.11 மீட்டர் உயர நிக்கோலா யோக்கிச்சைக் காக்க 1.96 மீட்டர் அலெக்ஸ் கருசோவை அனுப்பினார் பயிற்சியாளர் மார்க் டேக்னால்ட். கருசோ முன்னால் நின்று பாஸ் உள்ளே வரவிடாமல் மறித்தார். பின்னால் உயரமானவர்கள் காத்திருந்தார்கள். 125-93. அந்த அணிதான் அந்த வருடச் சாம்பியன்.

அது போதாவிட்டால் ஆளை மாற்றுங்கள். 2015 இறுதியில் 2-1 என்று பின்தங்கியிருந்த கோல்டன் ஸ்டேட், உயரமான ஆன்ட்ரூ போகட்டை உட்கார வைத்து ஆன்ட்ரே இகுடாலாவைத் தொடக்க ஐவரில் சேர்த்தது. பருவ ஆட்டம் ஒன்றில்கூட அவர் தொடக்கத்தில் இறங்கியதில்லை. அடுத்த மூன்று ஆட்டங்களையும் வென்றார்கள். தொடரின் சிறந்த வீரர் விருதும் அவருக்குத்தான். இந்த யோசனையைச் சொன்னவர் நிக் யூரென் என்ற இளம் உதவியாளர். தலைமைப் பயிற்சியாளர் ஸ்டீவ் கெர் அதைக் காதுகொடுத்துக் கேட்டார், பிறகு யார் சொன்னது என்று வெளியேயும் சொன்னார். உங்கள் பெஞ்சில் தண்ணீர் பாட்டில் எடுத்துத் தரும் பையனிடமும் கேளுங்கள். அவன் ஆட்டத்தை வேறு கோணத்தில் பார்த்துக்கொண்டிருப்பான்.

கடைசியாகத்தான் திட்டத்தையே மாற்றுவது. 2011இல் டல்லஸ், ரிக் கார்லைல் பயிற்சியில், லெப்ரான் ஜேம்ஸ் இருந்த மயாமிக்கு எதிராக மேன் டு மேனையும் (ஆளுக்கு ஆள் காப்பது) ஸோனையும் மாற்றி மாற்றி ஆடியது. நான்காவது ஆட்டத்தில் ஜேம்ஸ் 8 புள்ளிதான் எடுத்தார். தொடரை 4-2 என்று டல்லஸ் வென்றது. மாற்றி மாற்றி ஆடும்போது எதிரணியில் ஆட்டத்தை நடத்தும் பாயின்ட் கார்டு ஒவ்வொரு முறையும் "இது என்ன?" என்று யோசிக்க இரண்டு மூன்று வினாடி செலவழிப்பார். 24இல் மூன்று போனால் மீதி 21தான்.

இன்னொன்றும் இருக்கிறது: பாக்ஸ் அண்ட் ஒன். நால்வர் சதுரமாக ஸோன் நிற்க, ஐந்தாமவர் எதிரணியின் சிறந்த ஆளை மட்டும் நிழலாகத் துரத்துவார். பள்ளி ஆட்டங்களில் பார்க்கும் இந்த வித்தையை நர்ஸ் 2019 இறுதியின் இரண்டாவது ஆட்டத்தில் கோல்டன் ஸ்டேட்டின் ஸ்டெஃபன் கரிக்கு எதிராக இறக்கினார். ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் ஐந்து நிமிடத்துக்கும் மேலாகக் கோல்டன் ஸ்டேட் ஒரு புள்ளியும் எடுக்கவில்லை. ஆனால் சில வினாடிகள் மிச்சம் இருந்தபோது, விட்டுவைத்த இடத்தில் தனியாக நின்ற இகுடாலா மூன்று புள்ளியைப் போட்டார். டொரன்டோ 109-104 என்று அந்த ஆட்டத்தைத் தோற்றது. தொடரை வென்றது.

எட்டாம் படி: ஆட்டம் முடிந்ததும்

போனில் எடுத்த வீடியோ போதும். முழுவதும் பார்க்க வேண்டாம். எதிரணி போட்ட கூடைகளை மட்டும் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மூன்றில் ஒன்றை எழுதுங்கள்: திட்டத்தின் தப்பு, ஆளின் தப்பு, யாருடைய தப்பும் இல்லை. ஆளின் தப்பு அதிகம் என்றால் பயிற்சியில் திருத்துங்கள். திட்டத்தின் தப்பு அதிகம் என்றால் திருத்த வேண்டியவர் நீங்கள்.

போன ஞாயிறு இதைப் பையன்களோடு உட்கார்ந்து செய்தோம். கண்டீரவாவில் அன்று கேள்வி கேட்டவன் இப்போது வேலைக்குப் போகிறான். காலையில் வந்து சின்னப் பையன்களைப் பார்த்துக்கொள்கிறான். 31 கூடைகளில் 14க்கு அவன் "திட்டம்" என்று எழுதினான். நான் எழுதியது 9. எந்த ஐந்தில் எங்களுக்குள் வேறுபாடு என்று பார்த்தோம். ஐந்துமே இடது மூலையில் இருந்து வந்த மூன்று புள்ளிகள். "அண்ணா, அங்கே உதவிக்குப் போகச் சொன்னது நீங்கதான்" என்றான். வீடியோவைத் திரும்ப ஓட்டினேன். சரிதான். வரும் ஞாயிறு இடது மூலையில் நிற்பவர் உதவிக்கு நகரக் கூடாது என்பதைத்தான் முதலில் பழகப் போகிறோம்.